திரையில் தங்கம், ஊரில் ஐம்பொன்

துப்பறியும் படங்கள் என்றாலே எனக்குத் தனிப் பிரியம். மக்கள் கலைஞர் ஜெய்சங்கர் நடித்தவை என்றால் சொல்லவே வேண்டாம்! சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ஆகியவற்றில் அவர் துப்பறிவாளர். கர்ணன் இயக்கிய 'கங்கா'வில் (1972) குதிரையும் துப்பாக்கியுமாக வருவார். அந்தக் குதிரைகளைக் காணும்போதெல்லாம், பெரம்பலூரை அடுத்த காரையின் செம்மண் ஓடைப் பள்ளங்களில் ஓடவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணுவேன்.

அக்காலப் படங்களில் வில்லன் பெரும்பாலும் தங்கம் கடத்துவான். கதாநாயகன் மாறுவேடத்தில் அவன் கூட்டத்திலேயே சேர்ந்துவிடுவான். இது வெறுங்கற்பனையன்று. தங்கக் கட்டிகளை மக்கள் வைத்திருக்கக் கூடாதென 1968-இல் சட்டம் வந்தது. சட்டத்துக்கு ஆசை கட்டுப்படுமா? கள்ளத் தங்கம் கடல்வழியே வந்தது. 1990-இல் அச்சட்டம் நீங்கியது.

வெளியிலிருந்து வந்தது தங்கம். நம் மண்ணிலிருந்து வெளியே போனதோ ஐம்பொன்!

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில், 2006-இல் சோழர் கால நடராசர் உள்ளிட்ட எட்டுத் திருமேனிகள் களவு போயின. கோயில் பூட்டிக் கிடந்ததால் 2008 வரை ஊருக்கே தெரியவில்லை. அதே 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். 2011-இல் ஜெர்மனியில் கைதான அவருக்கு, 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்கில் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசர் 2014-இல் நாடு திரும்பினார்.

சிலை வாங்குவோர் போல் நடித்துத் திருடரைப் பிடிக்கும் காவலர் நம்மிடமும் உண்டு. ஆனால் இவர் நம் நடராசரே என்று அடையாளம் காட்டியது மாறுவேடமன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம்!

இதைப் படித்ததும் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் நினைவு வந்தது. அதுவும் விசேட நாளில் மட்டுமே திறப்பது. உள்ளே எத்தனை திருமேனிகள் என்று தாத்தாவைக் கேட்டேன். "ஐந்தப்பா" என்றார். குருக்களோ நான்கு என்றார். யார் சொல்வது சரி? எழுதி வைத்தவர் எவருமில்லை.

நண்பர்களே, உங்கள் ஊரில் எத்தனை? அனுமதி பெற்று எண்ணுங்கள், உயரத்தைக் குறியுங்கள், படமெடுத்து ஊர்ப் பெரியவரிடமும் அறநிலையத் துறையிடமும் கொடுங்கள். வரும் ஆருத்ரா தரிசனத்தன்று எங்கள் கோயிற்கதவு திறக்கும். அளவு நாடாவும் நோட்டுமாக நான் வாசலில் நிற்பேன்.