மாமாவின் மோட்டார்

பட்டறையிலிருந்து மாமா வீடு வந்து சேருமுன்பே கட்டிங் ஆயில் வாடை வாசலுக்கு வந்துவிடும். ஹாலி வால்மீனை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று ஊரெல்லாம் பேச்சு. மாமாவிடம் இருந்ததோ இரண்டு தேக்குப் பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு 6 மில்லி போல்ட். ஸ்காட்லாந்துக்காரர் ஹெய்க் நட்சத்திரங்களைத் தொடர 1975-ல் காட்டிய வழியை நம்மூர் மரைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டார்: கீலிலிருந்து 22.9 சென்டிமீட்டர் தள்ளிப் போல்ட்டை வைத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், அது ஒரு மில்லி ஏற, மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறந்துகொண்டு போகும். மோட்டாருக்குக் காசில்லை. அதனால் மோட்டார் நான்தான்.

கண்மாய்க் கரையில் கொசுவும் கருவேல முள்ளுமாக இருக்கும் இடத்தில்தான் சோதனை. கீல் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். மதுரைக்கு அது 10 டிகிரிதான் மேலே நிற்கும், அழகர்மலைப் பக்கத்து மூட்டத்தில் பாதி நாள் கண்ணிலேயே படாது. நாங்கள் சோதனைக்கு எடுத்த நட்சத்திரமோ, ஓரியன் இடுப்பிலிருக்கும் மூன்றில் ஒன்று, உச்சிக்குச் சற்றுத் தெற்கே. மாமா கோரைப்பாயில் மல்லாந்து, மேல்பலகையில் கட்டிய தொலைநோக்கிக் குழாய்க்குள் பார்ப்பார். கண்வில்லைக்குள் அக்காவின் தலைமுடி இரண்டைக் குறுக்கே ஒட்டியிருந்தார். நட்சத்திரம் முடிக்குப் பின்னால் போனால் மங்கும், விலகினால் மினுக்கும். நான் எச்எம்டி வாட்சைப் பார்த்துப் பதினைந்து நொடிக்குக் கால் சுற்று. தெப்பக்குளத்துப் பக்கமிருந்து காற்றில் ரேடியோ செட்டுப் பாட்டு வந்து வந்து போகும்.

"பையத் திருப்புடா, அங்கிட்டு இங்கிட்டு ஆட்டாதே."

நட்சத்திரம் கிழக்கிலோ மேற்கிலோ ஒரே பக்கமாக ஒழுகினால் பலகை அளவு தப்பு. வடக்கு தெற்காக நகர்ந்தால் கீல் திசை தப்பு. அரை மணியைத் தாண்டி மெல்லப் பின்தங்கினால் அது நேர்ப் போல்ட்டின் குணம், திட்டிப் பயனில்லை. நிமிடத்துக்கு ஒருதரம் போய்விட்டுத் திரும்பி வந்தால் போல்ட் வளைவு. மறுநாள் அதை அத்தையின் முகம் பார்க்கும் கண்ணாடியில் உருட்டி, அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்குவதைக் காட்டுவார். எனக்கு அதுதான் வால்மீனைவிட அதிசயம். அத்தைக்குக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு.

எல்லாம் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏறும். திடீரென்று குதித்த குதிப்புகளுக்கு நேரே மட்டும் மாமா காரணத்தை எழுதிவைத்தார்: "மோட்டார் தூங்கிவிட்டது."