தோற்றுக்கொண்டே கற்ற பையன்

2013 ஆகஸ்ட் 31 அன்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக அணி, சீசனின் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது அதன் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப்புக்கு வயது 18. அந்த ஜனவரியில்தான் பள்ளியிலிருந்து நேராக வளாகத்துக்கு வந்திருந்தார். இப்படி வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் சீசனின் முதல் ஆட்டத்திலேயே அந்த இடத்தில் ஆடுவது அந்த அணியின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

எதிரணி நார்த்வெஸ்டர்ன். காஃப் 63 முறை பந்தை வீசினார். 38 வீச்சுகள் சொந்த ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. 445 யார்டு கிடைத்தது. அறிமுக ஆட்டத்தில் இது பிரமாதம். ஆனால் மூன்று வீச்சுகள் எதிராளிகளின் கையில் விழுந்தன. அவற்றில் இரண்டைப் பிடித்தவர் ஒரே ஆட்டக்காரர். இரண்டு முறையும் எல்லைக் கோடுவரை ஓடிப்போய்ப் புள்ளி சேர்த்தார். பெர்க்லி 30-44 என்று தோற்றது.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கிடம்தான். யாரிடம் வீசுவது என்று அவர் முடிவெடுக்க இரண்டு மூன்று விநாடிகள்தான் அவகாசம். அதற்குள் நூறு கிலோவைத் தாண்டிய ஆசாமிகள் மேலே பாய்ந்துவிடுவார்கள். கிரிக்கெட்டில் அவுட்டான பேட்ஸ்மேன் பெவிலியனில் போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. பந்தைப் பறிகொடுத்த சில நிமிடங்களில் அதே கூட்டத்தின் முன் மறுபடி நிற்க வேண்டும்.

அவர் கையில் கொடுக்கப்பட்ட ஆட்டமுறையும் லேசானதல்ல. அந்த ஆண்டுதான் பொறுப்பேற்ற தலைமைப் பயிற்சியாளர் சானி டைக்ஸும், தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்த டோனி ஃபிராங்க்ளினும் லூசியானா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள். 2012இல் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 51.5 புள்ளிகள் குவித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்திருந்தார்கள். அவர்களது முறைக்கு ‘ஏர் ரெய்ட்’ என்று பெயர். ஹால் மம்மி, மைக் லீச் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் 1989 முதல் ஒரு சிறிய கல்லூரியில் வளர்த்தெடுத்தது. கரடியைச் சின்னமாகக் கொண்ட பெர்க்லியில் அது ‘பேர் ரெய்ட்’ ஆயிற்று. மனப்பாடம் செய்ய வேண்டிய திட்டங்கள் குறைவு. அவற்றையே திரும்பத் திரும்ப, எதிரணி மூச்சு விடுமுன் வேகமாக ஆட வேண்டும். காகிதத்தில் எளிது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். மூன்று வீச்சுகள் வீணானால் ஆட்ட நேரத்தில் அரை நிமிடம்கூடக் கரையாது. அப்போதுதான் வெளியேறி உட்கார்ந்த தடுப்பாட்டக்காரர்கள் மறுபடி களத்துக்கு ஓட வேண்டும். பெர்க்லியின் தடுப்பாட்ட வரிசையில் காயம்பட்டவர்கள் வேறு ஏராளம். 12 ஆட்டங்களில் அது 551 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. பையன் கற்றுக்கொள்வதற்கான கட்டணத்தில் பெரும்பங்கை அந்தத் தடுப்பாட்டக்காரர்கள்தான் கட்டினார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

ஆரெகன் பல்கலைக்கழக மைதானத்தில் மழை கொட்டிய ஆட்டம்தான் உச்சம். ஈரப் பந்து காஃப்பின் கையில் நிற்கவில்லை. ஆறு வீச்சுகளில் மூன்று போய்ச் சேர்ந்தன. மொத்தம் 11 யார்டு. முதல் கால் பகுதி முடிவதற்குள் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இறுதி நிலவரம் 16-55. ஆனால் அடுத்த ஆட்டத்தில் மறுபடி அவரையே இறக்கினார்கள். டைக்ஸ் செய்த மிகச் சரியான காரியம் அது. சீசன் முடிவில் அணிக்குக் கிடைத்தது ஒரே வெற்றி, 11 தோல்விகள். கடைசியாகப் பரம வைரியான ஸ்டான்ஃபோர்டிடம் 13-63. அந்த ஆட்டத்தில் காஃப்பின் தோள் அடிபட்டது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இத்தனைக்கும் நடுவே அவர் வீச்சில் சேர்ந்த 3,508 யார்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய சாதனை.

ஊரறியத் தவறுவது என்றால் என்ன என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. தந்தை ஜெர்ரி காஃப்பும் பெர்க்லியில் படித்தவர். பின்னர் மேஜர் லீக் பேஸ்பாலில் கேட்சராக இருந்தார். 1996இல் தமது கடைசி ஆட்டத்தில், பிடித்திருக்க வேண்டிய ஆறு பந்துகளை நழுவவிட்டு, ஒரே ஆட்டத்தில் மிக அதிகமாக நழுவவிட்ட சாதனையைச் சமன் செய்தவர். அப்போது மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

2014இல் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றம். 35 டச் டவுன் வீச்சுகள். பறிகொடுத்தது ஏழே ஏழு. ஆனால் அணியின் கோளாறு அப்படியே இருந்தது. அரிசோனாவிடம் கடைசி வீச்சில் 45-49 என்று தோல்வி. ஒரு வாரம் கழித்துக் கொலராடோவை 59-56 என்று வெல்ல இரண்டு கூடுதல் சுற்றுகள் தேவைப்பட்டன. காஃப் ஏழு டச் டவுன் வீசினார். அதற்கடுத்த வாரம் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே 734 யார்டு வீசித் தேசிய சாதனை படைத்தும் பெர்க்லி 60-59 என்று தப்பியது. இதயம் பலவீனமானவர்கள் பார்க்கக்கூடாத அணி. அந்த ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி.

மூன்றாம் ஆண்டில் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்ற பிறகு, அதேபோலத் தோல்வியே காணாத யூட்டாவைச் சந்தித்தார்கள். நாடே கவனித்த அந்த இரவில் காஃப் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தார். இருந்தும் தோல்வி 24-30 என்ற அளவில்தான். முதலாண்டாக இருந்தால் அது 50 புள்ளி வித்தியாசமாகியிருக்கும். டிசம்பர் 29 அன்று ஏர் ஃபோர்ஸ் அணிக்கு எதிராக 467 யார்டு, ஆறு டச் டவுன், 55-36 வெற்றி. எட்டு வெற்றிகளோடு சீசன் முடிந்தது.

2016 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி முதல் ஆளாக அவர் பெயரை அறிவித்தது. பெர்க்லிக்கு அந்தப் பெருமை 1975க்குப் பிறகு கிடைத்தது அப்போதுதான். அந்த ஆண்டு ராம்ஸ் அவரை ஏழு ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து இறக்கியது. ஏழிலும் தோல்வி.