தங்கப் பதக்கம் பெற்ற எலியும் நிற்காத யானைக் கடிகாரமும்

இஷாத் தொழுகை முடிந்து இரவு உணவுக்கு அமரும் வேளையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அன்று படித்தவற்றிலும் பார்த்தவற்றிலும் வியப்பளித்த செய்தி ஒன்றைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சொல்லவேண்டும். கைப்பேசியை அறவே பறிக்க இயலாத காலத்தில், அதிலிருந்து நல்லதையேனும் எடுத்து வரட்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியது அது.

இவ்வகையில் எங்கள் உணவு விரிப்புக்கு வந்து சேர்ந்த விந்தைகள் பல. சுரங்கப்பாதையை விட்டு வெளிவரும்போது எழும் பேரொலியைக் குறைப்பதற்காக, மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பானியப் பொறியாளர்கள் அதிவேக ரயிலின் முகப்பை வடிவமைத்த செய்தி அவற்றுள் ஒன்று. நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முட்காயை உற்றுநோக்கிய சுவிட்சர்லாந்து நாட்டவர் ஒருவர், இன்று பிள்ளைகளின் காலணிகளில் பிரித்து ஒட்டும் வெல்க்ரோ பட்டையை உருவாக்கிய செய்தி மற்றொன்று.

சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, பதினோரு வயது மகள் சொன்னாள்: “கம்போடியாவில் ஓர் எலி கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்ததாம். அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்களாம்.”

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு வாரமாகச் சமையலறையில் எலித் தொல்லை. அரிசி மூட்டையின் மூலையைக் கடித்துத் துளைத்து, தரையெங்கும் சிதறடித்திருந்தது. அன்று மாலைதான் கடையில் எலி ஒட்டும் அட்டை ஒன்றை வாங்கி வந்து, சிலிண்டருக்குப் பின்னால் விரித்து வைத்திருந்தோம். அந்த மனநிலையில் எலிக்குப் பதக்கம் என்றால் எப்படி இருக்கும்? “இணையத்தில் வருவதையெல்லாம் அப்படியே நம்பக்கூடாது, மகளே” என்று அறிவுரையும் சொன்னோம்.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “நேற்று நீங்க அனுப்பின யானைக் கடிகாரம் மட்டும் உண்மையா, அத்தா? அம்மாவும்தானே அனுப்பினாங்க?”

முதல் நாள் எங்களுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அல்ஜஸரி என்ற முஸ்லிம் அறிஞர் செய்த யானைக் கடிகாரம் எண்ணூறு ஆண்டுகளாக ஒருமுறைகூட நிற்காமல், மனிதக் கை படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், உலகின் எல்லா இயந்திரங்களுக்கும் அதுவே முதல் என்றும், மேலைநாட்டார் அதை மறைத்துவிட்டனர் என்றும் அதில் எழுதியிருந்தது. வண்ணப் படமும் இருந்தது. படித்த மாத்திரத்தில் உள்ளம் பூரித்தது. ஒருவர் குடும்பக் குழுமத்துக்கும், மற்றவர் தோழியர் குழுமத்துக்கும் ஒரு நிமிடத்துக்குள் அதை அனுப்பிவிட்டோம்.

மகளின் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. உணவை முடித்துக்கொண்டு நால்வருமாக அமர்ந்து இரண்டையும் தேடிப் பார்த்தோம்.

எலியின் செய்தி உண்மை. அதன் பெயர் மகாவா. ஆப்பிரிக்காவின் பெரும்பை எலி இனத்தைச் சேர்ந்தது. கன்னத்தில் இரையைச் சேர்த்து வைக்கும் பை கொண்டது. 2013-ஆம் ஆண்டு தான்சானியாவில் பிறந்து, அபோபோ என்ற தொண்டு நிறுவனத்தால் பயிற்றுவிக்கப்பட்டு, 2016-இல் கம்போடியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். ஆகவே அது மிதித்தாலும் கண்ணிவெடி வெடிப்பதில்லை.

உலோகங் கண்டறியும் கருவி, மண்ணில் கிடக்கும் ஆணியைக் கண்டாலும் தகரத்தைக் கண்டாலும் ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் நின்று தோண்டிப் பார்க்கவேண்டும். எலியோ வெடிமருந்தின் வாசனையை மட்டுமே தேடுகிறது. கண்டதும் மண்ணைச் சுரண்டிக் காட்டுகிறது. அதற்குக் கூலி ஒரு துண்டு வாழைப்பழமோ நிலக்கடலையோதான். டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள நிலத்தை அரை மணி நேரத்தில் சோதித்துவிடும். கருவியேந்திய மனிதருக்கு அதே வேலை நான்கு நாள்கள்வரை பிடிக்கும்.

போர்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் கம்போடியாவின் வயல்களில் கண்ணிவெடிகள் புதைந்து கிடக்கின்றன. 1979 முதல் அவற்றாலும் வெடிக்காத குண்டுகளாலும் உயிரிழந்தோரும் காயமுற்றோரும் 60,000-க்கும் மேற்பட்டோர். விறகு பொறுக்கப் போனவர்களும், மாடு மேய்த்த சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். அந்த மண்ணில் மகாவா தன் பணிக்காலத்தில் 71 கண்ணிவெடிகளையும், வெடிக்காமல் கிடந்த 38 குண்டுகளையும் கண்டுபிடித்தது. 2020-இல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. என்ற விலங்குநலத் தொண்டு நிறுவனம் அதற்குத் தங்கப் பதக்கம் அணிவித்தது. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் எலி அதுவே. 2021-இல் ஓய்வுபெற்று, 2022 ஜனவரியில் இறந்தது.

அடுத்து யானைக் கடிகாரத்தைத் தேடினோம். அல்ஜஸரி உண்மை, கடிகாரமும் உண்மை. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகியர் அரசவையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணிபுரிந்தவர் அவர். தாம் செய்த விந்தைக் கருவிகளைப் படங்களோடு விளக்கும் நூலை 1206-இல் எழுதி முடித்தார்.

கடிகாரத்தின் வேலைப்பாடு படிக்கப் படிக்கத் தித்திப்பாக இருந்தது. யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் நுண்ணிய துளை. நீர் சிறுகச் சிறுக ஏறி, கிண்ணம் மூழ்க அரை மணி நேரம் ஆகும். மூழ்கும்போது அது ஒரு கயிற்றை இழுக்க, மேல்மாடத்திலிருந்து ஒரு பந்து உருண்டு, பருந்தின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு தலைகவிழும். அந்த அசைவிலேயே மூழ்கிய கிண்ணம் மீண்டும் மேலே தூக்கப்படும். பந்து கலசத்தில் விழ, யானைமேல் அமர்ந்த பாகன் ஓங்கி அடிப்பான். அடுத்த அரை மணி தொடங்கிவிடும்.

இதைப் படமாக வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயது மகன் கேட்டான்: “பந்தெல்லாம் தீந்துபோனா?”

பந்துகள் தீர்ந்தால் யாரேனும் அவற்றை எடுத்து மறுபடியும் மேலே வைக்கவேண்டும். வைக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். மனிதக் கை படாமல் எண்ணூறு ஆண்டு ஓடியது என்ற செய்தி, அக்கடிகாரத்தின் அமைப்பைப் பார்த்தாலே பொய்யென்று புலப்படுகிறது. அவர் செய்த அசல் இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருப்பவை இஸ்தான்புல் முதலான இடங்களின் நூலகங்களில் உள்ள கையெழுத்துப் பிரதிகளே. துபாயின் இப்னு பதூதா வணிக வளாகத்தில் பலர் கண்டிருக்கும் யானை, அந்நூலைப் பார்த்து நம் காலத்தில் செய்யப்பட்டது.

மற்றொன்றும் எங்களை வெட்கப்படவைத்தது. எல்லாவற்றுக்கும் நாமே முதல் என்று நாங்கள் பரப்பிய செய்தி சொன்னது. அல்ஜஸரியோ தம் நூலில், நீர்க்கடிகாரம் ஒன்றுக்குக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசுக்கும், நீரூற்றுகளுக்குப் பக்தாதின் பனூ மூசா சகோதரர்களுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தே எழுதுகிறார். செய்து பார்த்துச் சோதிக்கப்படாத கைத்தொழில் அறிவு மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஊசலாடும் என்பதும் அவருடைய கருத்து. அத்தகைய மனிதரின் பெயரால் சோதிக்காத செய்தியை ஊரெங்கும் அனுப்பியிருந்தோம்.

எலியை ஏன் நம்ப மறுத்தோம்? யானையை ஏன் ஒரு நிமிடத்தில் நம்பினோம்? அன்றிரவு உறக்கம் வராமல் இதையே பேசிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் எங்களிடம் சான்று இல்லை. எலி எங்கள் அரிசியைத் தின்றது. யானை எங்கள் பெருமையை வளர்த்தது. வேறுபாடு அவ்வளவே. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அதைப் பிறர் நம்மைப் பற்றிப் பரப்பும் அவதூறுகளுக்கு மட்டுமே உரியதென்று நினைத்துக்கொண்டிருந்தோம். நமக்கு இனிக்கும் செய்திக்கும் அதே விசாரணை வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது சமையலறையிலிருந்து கீச்சொலி கேட்டது. விளக்கைப் போட்டோம். சின்னஞ்சிறு வீட்டெலி. நான்கு கால்களும் வயிறும் அட்டையில் ஒட்டியிருந்தன. இரவு முழுதும் விடுபட முயன்று ஒரு பக்கத்து ரோமம் பிய்ந்திருந்தது. பின்னால் மகள் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

எலி கொல்ல அனுமதிக்கப்பட்ட உயிர் என்பது தெரியும். வீட்டில் நோய் பரப்பும் என்பதும் தெரியும். ஆயின் கொல்வதிலும் வதை கூடாது என்ற நபிமொழி இருக்கிறதே! பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் வரலாற்றை இதே பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! அந்த அட்டை செய்வதும் கட்டிவைத்துப் பட்டினி போடுவதைத்தானே?

கையுறை அணிந்து, சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு காலாக விடுவித்தோம். கால் மணி நேரம் பிடித்தது. கொல்லைக்கு அப்பால் உள்ள பொட்டலில் கொண்டுபோய் விட்டோம். நொண்டியபடி புதருக்குள் மறைந்தது. அன்றே கழிவுநீர்த் துளைக்குக் கம்பிவலை அடித்து, அரிசியை மூடியுள்ள தகர டிரம்முக்கு மாற்றினோம். இவ்விரண்டையும் முதலிலேயே செய்திருந்தால் அட்டைக்கே தேவை வந்திராது. இத்தகைய அட்டைகளைத் தடைசெய்யுமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களை அறிவுறுத்தியிருப்பதையும் பிறகே அறிந்தோம்.

இன்னொரு வேலை மீதமிருந்தது. “முந்தாநாள் நாங்கள் அனுப்பிய செய்தியில் பிழை உள்ளது” என்று தொடங்கி, உண்மையைச் சுருக்கமாக எழுதி இரு குழுமங்களுக்கும் அனுப்பினோம். அனுப்பும் விரல் தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. சற்று நேரத்தில் பெரியத்தா தொலைபேசியில் அழைத்தார். அவர் அதை ஜமாஅத் நண்பர்கள் பலருக்கு அனுப்பியிருந்தார். “நம்ம பெருமையை நாமளே குறைச்சுக்கணுமாப்பா?” என்றார் வருத்தத்தோடு.

பந்து தீர்ந்துபோகும் கணக்கை மகன் அவரிடம் விளக்கினான். மறுமுனையில் நெடுநேரம் அமைதி. பிறகு சொன்னார்: “அந்தப் பந்து சேதியை நல்லா விளங்குற மாதிரி எழுதி அனுப்புங்க. அவங்களுக்கு நானே அனுப்பிடுறேன்.”

இப்போதும் இரவு உணவின்போது விந்தைகள் வருகின்றன. சொல்பவர் முதலில், “இதை எங்கே சரிபார்த்தாய்?” என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டும். இவ்விதி பிள்ளைகளுக்கு மட்டுமன்று; எங்களுக்கும் உண்டு. அதை எங்களிடம் தவறாமல் கேட்பவள் மகள்தான்.