தடித்த துணிக்கு எந்த மெஷின்?

பெண்களுக்குச் சுயதொழில் என்றதும் ஒரு தையல் மெஷினைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் எமது சமூகத்தில் வேரூன்றிவிட்டது. சமூகப் பணியாளராக நான் சென்றுவரும் கிளிநொச்சி மாவட்டக் கிராமங்களில், பழைய சீலையால் மூடப்பட்டு மூலையில் நிற்கும் மெஷின்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தைக்கத் தெரியும். செய்ய விரும்பிய வேலைக்கும் கிடைத்த மெஷினுக்கும்தான் பொருத்தமில்லை.

சட்டை, பாவாடை தைப்பவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அதனால் கூலியும் குறைவு. ஓட்டோ இருக்கை உறை, புத்தகப் பை, கதிரை மெத்தை உறை, படங்கு என்பவற்றைத் தைப்பவர்களோ சிலர்தான். 'குஷன் வேலை ஆம்பிளையளின்ர வேலை' என்று ஒதுக்கிவிடுவது இதற்கொரு காரணம். தொழிலில் பால்நிலைப் பாகுபாடு என்று சமூகவியலில் படித்ததை நான் இங்கேதான் கண்ணால் கண்டேன்.

எமது குழுவிலுள்ள ஓர் அக்கா துணிந்து இந்த வேலையில் இறங்கினார். கணவரை இழந்தவர்; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். உதவித் திட்டமொன்றில் எல்லோருக்கும் ஒரேவகையான, பாரம் குறைந்த புது வீட்டு மெஷின் வழங்கப்பட்டது. றெக்சினை மடித்து வைத்துத் தைத்தபோது ஊசி உடைந்தது. மாற்றிப் போட்ட ஊசியும் உடைந்தது.

"படம் பிடிக்க வடிவான மெஷின்தான் பிள்ளை. ஆனா என்ர வேலைக்குக் காணாது" என்றார்.

நுண்கடன் எடுத்து இன்னொரு மெஷின் வாங்க அவர் புறப்பட்டபோது, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, விசாரிச்சுப் பாப்பம்" என்றேன். நுண்கடனால் நிம்மதியிழந்த பெண்களை நாம் அறிவோம். பொருந்தாத மெஷினுக்குத் தவணையும் கட்டுவதென்றால் அது இரட்டைச் சுமை. ஆகவே, திருத்துபவர்களிடமும் குஷன் கடைகளிலும் இருவருமாகக் கேட்டறிந்தோம்.

முதலாவது, வேகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஆடைத் தொழிற்சாலைகளில் உள்ள ஜூகி டி.டி.எல். 8700 நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போடும். ஆனால் அது சட்டைத் துணி போன்றவற்றுக்கே ஏற்றது. அதே நிறுவனத்தின் டி.என்.யூ. 1541 நிமிடத்துக்கு 2,500 வரைதான் போகும். றெக்சினுக்கும் தோலுக்கும் அதுவே பொருந்தும். சாதாரண மெஷினில் அடியிலுள்ள பற்கள் மட்டும் துணியை நகர்த்தும். றெக்சின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு மேல்மடிப்பு பின்தங்கும். 'வோக்கிங் ஃபுட்' மெஷினிலோ பற்களோடு பாதமும் நடக்கும். ஊசியும் சேர்ந்து நகரும் வகையில் மடிப்புகள் விலகுவதேயில்லை.

இரண்டாவது, மோட்டர். தொழிற்சாலையில் கழித்துவிட்ட மெஷின்கள் சிலவற்றில் மூன்று கட்ட மின்சாரத்துக்குரிய மோட்டர் இருக்கும். ஒற்றைக்கட்ட மின்சாரமுள்ள வீட்டில் அது வேலை செய்யாது. 'கிளச்' மோட்டர் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். 'சேர்வோ' மோட்டர் மிதிக்கும்போது மட்டும் சுற்றும். வேகத்தையும் குறைத்து வைக்கலாம். மின்கட்டணத்துக்கும் பழகுபவரின் விரலுக்கும் அதுவே நல்லது.

மூன்றாவது, ஊசியும் தையலும். டெனிமுக்கு 16ஆம் இலக்கமும் அதைவிடத் தடித்தவற்றுக்கு 18ஆம் இலக்கமும் வேண்டும். றெக்சினுக்குத் தையல் நீளம் 4 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் முத்திரைத்தாள் கிழிவதுபோல் தையல் வழியே கிழிந்துவிடும்.

டெனிமும் மெல்லிய கன்வசும் மட்டும் தைப்பவர்களுக்கு நல்ல நிலையிலுள்ள பழைய இரும்புக் கால்மிதி மெஷினே போதும். 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, கால்மிதி மெஷின் வைத்திருந்தவர்களின் வேலை நிற்கவில்லை.

பாவித்த வோக்கிங் ஃபுட் மெஷினொன்றை அக்கா கண்டுபிடித்தார். 'பாவித்த மெஷினுக்கு உதவி தர முடியாது. புதிதென்றால்தான் கணக்குக் காட்டலாம்' என்று உதவித் திட்டத்தினர் கைவிரித்தார்கள். எமது குழுச் சேமிப்பிலிருந்து கடன் கொடுப்பதா என்று கூட்டத்தில் நெடுநேரம் விவாதித்தோம். "அது ஓடாமல் நிண்டால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு. அக்கா தன் றெக்சினைக் கொண்டுபோய்த் தைத்துப் பார்த்த துண்டை எல்லோர் கையிலும் கொடுத்தார். இழுத்துப் பார்த்தார்கள், சம்மதித்தார்கள். கடன் இன்று முழுவதும் அடைபட்டுவிட்டது. ஓட்டோக்காரர்கள் அவர் படலையைத் தேடி வருகிறார்கள்.

சகோதரிகளே, மெஷின் வாங்கப் போகும்போது நீங்கள் தைக்கப்போகும் துணியையும் நூலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். நான்காக மடித்து, முதலில் சில்லைக் கையால் சுற்றி ஊசி இலகுவாக இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு தைத்து, அடிப்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுமையாக நில்லுங்கள்.

உதவி வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள்: மெஷின்களை மொத்தமாக வாங்குவதற்கு முன், "நீங்கள் என்ன தைக்கப் போகிறீர்கள்?" என்று அந்தப் பெண்களிடம் கேளுங்கள். தமக்கு எது தேவையென்று அவர்களுக்குத் தெரியும்.