வெங்காயம் காய்ந்த கூடம்

நான் சிறுவனாக இருந்தபோது செட்டிகுளம் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக்குள் கால் வைத்தால் முதலில் மூக்கில் ஏறியது சின்ன வெங்காயம்தான். மல்லிகையும் சந்தனமும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசை. அதிலும் ஆலத்தூர் வட்டத்தில் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர், பாடாலூர் என்று ஊருக்கு ஊர் வெங்காயக் காடு. நட்டு இரண்டு மாதம் தாண்டியதும் பிடுங்கி, தாளை நறுக்கி, நிழலில் உலர்த்துவார்கள். விலை வரும்வரை காத்திருக்கக் காட்டிலேயே பட்டறை போடுவார்கள். கம்பு நட்டு, தரையிலிருந்து தூக்கி, பக்கமெல்லாம் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த நீளமான அமைப்பு அது. காற்று புகுந்து வெளியேற வேண்டும், சாரல் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். சில மாதம் தாங்கும்.

எங்கள் வீட்டுக்கு வேண்டியதும் விதைக்கு எடுத்துவைத்ததும் கூடத்துக்கு வந்துவிடும். "மிதிக்காம ஓரமா வாடா, வெதை கெடக்கு" என்று அப்பாயி சத்தம் போடும். வெங்காயம் கண்ணைக் கரிப்பது வெட்டும்போதுதான். சதை கிழிந்து உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு சரக்கு ஒன்றுசேர்ந்தால்தான் அந்தக் காட்டம் பிறக்கும். வெட்டாமல் கிடக்கும் வெங்காயத்துக்கு வேறு மணம். காய்ந்த சருகும் கரிசல் புழுதியும் கலந்து லேசாக இனிக்கும். மத்தியான வெயிலில் ஓடு சூடேறும்போது அது இன்னும் கனமாகும். அந்த மணத்தில்தான் நாங்கள் படுத்துத் தூங்கினோம். பள்ளிச் சட்டையிலும் அது இருந்திருக்கும். ஆனால் வகுப்பில் எல்லோர் சட்டையிலும் இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

வெங்காயம் போனால் பருத்தி வரும். உள்ளறையில் கூரைக்கு எட்டுகிற அளவு குவிந்து கிடக்கும் பருத்திக்கு வெயிலின் வாசனை, பஞ்சில் ஒட்டிய சருகின் வாசனை. கூடவே செடிக்கு அடித்த மருந்தின் நெடியும் இருந்தது. ஏக்கத்தோடு எழுத உட்காருகிறவர்கள் இந்த நெடியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். திண்ணை மூலையில் தெளிப்பான் டப்பா நின்றது, அதன் பக்கத்திலேயே நாங்கள் பல்லாங்குழி ஆடினோம்.

பொங்கலுக்கு முந்தின வாரம்தான் வீட்டின் வாசனை ஒரே நாளில் அடியோடு மாறும். அன்று சுண்ணாம்பு வேலை. சந்தையில் வாங்கிய கல் சுண்ணாம்பை மண்தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் அது கொதிக்கும். ஆவி வரும். அந்த ஆவியை என்னவென்று சொல்வது, சூடான கல்லின் வாசனை என்றுதான் சொல்ல முடிகிறது. பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். அடங்கியதும் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, நீலம் கரைத்துச் சுவருக்கு அடிப்பார்கள். அடியில் காவிப் பட்டை. ஈரச் சுவரின் அந்தக் குளிர்ந்த வாசனை இரண்டு மூன்று நாள் வீட்டில் நிற்கும். பூச்சி, கரி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய வருஷம் எல்லாம் அதற்குள் போய்விடும்.

அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடல். அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் படிந்துதான் இன்றைக்கு அங்கே தோண்டத் தோண்டச் சுண்ணாம்புக்கல் வருகிறது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அந்த உயிர்களின் கல்லான உடல்களைப் பார்க்கலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். சுவரில் அடித்த சுண்ணாம்பு காயக் காய, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடுகிறது. அதே கல் 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையைக் கொண்டுவந்தது, அடுத்தடுத்துத் தனியார் ஆலைகளும் வந்தன. சிமெண்ட் வந்ததும் சுண்ணாம்புத் தொட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது சுண்ணாம்புக்கல் லாரியின் புழுதியாகத்தான் அரியலூர் வீட்டுக்குள் நுழைகிறது, ஜன்னலைச் சாத்தினாலும்.

அம்மாவின் ஊர் ஆண்டிமடம் பக்கம். கரிசலிலிருந்து செம்மண்ணுக்குப் போனால் வாசனையும் வேறு. செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் எல்லாம் முந்திரிக் கொல்லை. தை மாசியில் மரம் பூக்கும்போது காற்றில் இனிப்போடு கொஞ்சம் காரமும் இருக்கும். சித்திரையில் கொல்லைக்குள் நடந்தால் உதிர்ந்த பழம் புளித்த வாடை. அம்மாயி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கூடை முந்திரிப்பழம், ஒரு மூலையில் கொட்டை, கட்டிலுக்கு அடியில் பழுக்கப் போட்ட பலாப்பழம். பலா பழுத்த சேதியை ஒளிக்கவே முடியாது, தெருவே வந்து திண்ணையில் உட்காரும். பழத்தை உப்புத் தொட்டுக் கடித்தால் தொண்டை கரகரக்கும், சட்டையில் சாறு பட்டால் கறை போகாது.

கொட்டை சுடுவதுதான் திருவிழா. மூன்று கல்லைக் கூட்டி, ஓட்டை விழுந்த பழைய தகரத்தில் கொட்டையைப் போட்டுச் சுள்ளியை எரித்தால், ஓட்டிலிருக்கும் எண்ணெய் கசிந்து குப்பென்று பிடிக்கும். கறுத்த புகை. "எட்டிப் போங்கடா, மூஞ்சி பொத்துப் போவும்" என்று அம்மாயி மண்ணை அள்ளி வீசி நெருப்பை அணைக்கும். பிறகு கல்லில் தட்டிப் பருப்பெடுத்தால் புகையும் பாலும் சேர்ந்த ஒரு வாசனை. கடையில் இன்று கிலோக் கணக்கில் வாங்கும் வெள்ளைப் பருப்பில் அதைத் தேடுவது வீண். அது வேறு முறையில் பதப்படுத்தியது.

மண்ணின் மணம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முந்திரி பிரேசில் நாட்டு மரம், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அப்பாயி தணலில் போட்ட சாம்பிராணியின் தாய்வீடு சுமத்ரா. எங்கிருந்து வந்தது என்பதை அந்த வீடுகள் கேட்கவில்லை. கையில் இருந்ததை வைத்துக்கொண்டன, வீட்டுக்கு அந்த வாசனை வந்தது.

மார்கழிச் சாணித் தெளிப்பு, பூசணிப்பூ, போகிப் புகை எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு, பலரும் எழுதியாயிற்று. எனக்குச் சிறுவாச்சூர்தான் முந்தி வருகிறது. மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மாவிளக்குப் போடுகிறவர்கள் கோயிலிலேயே அரிசியை இடித்து மாவெடுப்பார்கள். ஊறிய பச்சரிசி உலக்கையில் நசுங்கும் வாசனை, வெல்லம், அதன் நடுவில் நெய்த்திரி. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவின் முந்தானையில் அது கூடவே வரும். அந்த ராத்திரி கூடம் முழுக்கக் கோயில்.

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கரிசல்காரன் இல்லை. கோடை முழுக்க வெடித்துக் கிடந்த நிலத்தில் முதல் தூறல் விழுந்ததும் எழும் வாசனையை 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். காய்ந்த பாறையும் மண்ணும் பிடித்துவைத்திருக்கும் ஓர் எண்ணெய், கூடவே மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள். உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் அதற்கு முன்பே சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து அத்தராக விற்றார்கள். அந்தச் சீசா ஒன்றை ஒருவர் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அருமையான வாசனைதான். ஆனால் அதில் எருமை இல்லை, நனைந்த வைக்கோல் இல்லை, கொசுவுக்குப் போட்ட வேப்பந்தழை மூட்டம் இல்லை. எங்கள் வீட்டில் மழை அதையெல்லாம் சேர்த்துத்தான் வந்தது.

சென்னையில் என் அடுக்குமாடி வீட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது, அதில் குச்சிகள் செருகியிருக்கும், லாவண்டர் மணக்கும். மழைக்காலத்திலும் லாவண்டர், பங்குனியிலும் லாவண்டர். மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் சமயம் ஆரஞ்சுத் தோலையும் பட்டை கிராம்பையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வீட்டை மணக்கச் செய்வார்களாம். நல்ல யோசனைதான். ஒருநாள் செய்து பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்ன சார், பிரியாணியா?" என்றார்.

எனக்கு வேண்டியது வாசனையே இல்லையோ என்று தோன்றுகிறது. அந்த வீடுகள் மணந்ததற்குக் காரணம் அவை களஞ்சியமாக இருந்ததுதான். விளைந்தது உள்ளே வந்தது, காய்ந்தது, பழுத்தது, விதையாகக் காத்திருந்தது. ஊரில் இப்போது பாதிக் காட்டில் மக்காச்சோளம், அறுத்த கையோடு வியாபாரிக்குப் போய்விடுகிறது. கூடத்தில் டைல்ஸ், சோபா, டி.வி. வெங்காயத்தைப் பரப்ப இடமில்லை, பரப்பினால் திட்டு விழும். அம்மாயி வீட்டை இடித்துக் கட்டியாயிற்று. புது வீடு வசதியானது, மழைக்கு ஒழுகுவதில்லை, தேள் வருவதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது, நான் அங்கே இல்லையே.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மற்ற அறைகளுக்குப் பெயிண்ட் அடியுங்கள், தானியம் வைக்கும் அறை ஒன்றுக்காவது சுண்ணாம்பு அடியுங்கள். சிமெண்ட் பூச்சின் மேலும் அது பிடிக்கும். செலவு குறைவு. பொங்கலுக்குப் பொங்கல் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அதைச் சலிப்பாக நினைக்காதீர்கள். கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அடிக்கிறவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.