சனிக்கிழமை, பொழிச்சலூரில்

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகப் பொழிச்சலூருக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அகஸ்தீஸ்வரர் கோயிலில் ஒரே கூட்டமாக இருக்கும். ‘வட திருநள்ளாறு’ என்று பிரசித்தி பெற்ற ஸ்தலம் அல்லவா? சனீஸ்வர பகவானே தம் தோஷம் தீர இங்கே வந்து ஈசனைப் பூஜித்தாராம். அவர் பாடே அப்படி என்றால் நம் பாட்டைச் சொல்லவேண்டுமா!

நானும் அகல் விளக்கும் கையுமாகப் பிராகாரத்தில் வரிசையில் நின்றேன். என் பிள்ளைக்கு வேலை போய் மூன்று மாதம். முன்னால் நின்ற அம்மாளுக்கு என்ன கவலையோ, தலை நிமிரவே இல்லை.

திடீரென்று ‘ஹோ’வென்று இரைச்சல். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தாழ வந்தது. அவ்வளவுதான்! அம்மாக்களின் கையை உதறிவிட்டு நாலைந்து வாண்டுகள் வெளியே ஓடின. “டாட்டா! டாட்டா!” இடுப்பிலிருந்த குழந்தைகூடக் கையை ஆட்டியது. விமானி தனக்குத்தான் பதில் டாட்டா காட்டினார் என்று ஒரு சிறுமி சத்தியமே செய்தாள்!

தினமும் விமானம் பார்க்கும் ஊர்தான் இது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்தபோது, சில நாள் ஒன்றுகூடப் பறக்கவில்லை. பாவம், அப்போது இந்த ஊர்க் குழந்தைகள் எதற்கு டாட்டா காட்டினார்களோ!

இங்கே அம்பாளின் திருநாமம் ஆனந்தவல்லி. சனி பகவானிடம் போகிற அவசரத்தில் அந்தச் சந்நிதியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த விமானம் வந்தது. முன்னால் நின்ற அம்மாள் மெல்லக் கையை உயர்த்தினாள்; என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் விளக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.