இமயமலையின் கொள்ளுப்பேரன்!

மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாமில் பனி பெய்யுமா? பெய்தது! கால்வாய் ஓரம் உட்கார்ந்து காபி குடித்தேன். தலையில் நாலு, கோப்பைக்குள் ஒன்று... எடுத்துப் பார்த்தால், காகிதத்தில் வெட்டின காசு மாதிரி ஒரு விதை. எல்ம் மரத்து விதையாம். ஊர் பூரா கால்வாய்க் கரையெல்லாம் எல்ம்தான்.

அங்கே வேலை பார்க்கும் சித்தப்பா மகன், "அண்ணே, இதைப் பாருங்க" என்று ஒரு குறுகலான தெருவில் நிறுத்தினான். தூண் மாதிரி விறைப்பாக ஒரு மரம். இலைகள் சின்னதாக, முறுக்கிக்கொண்டு நின்றன.

"ஏண்டா, இலைக்கு யாராவது பெர்மிங் பண்ணிவிட்டாங்களா?"

"பேரு கொலுமெல்லா. லத்தீன்ல சின்னத் தூண்னு அர்த்தம்ணே. கலப்பின எல்ம்."

அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை. ஒரு வண்டு பூஞ்சையைச் சுமந்து வந்து மரப்பட்டைக்குள் விடும். பூஞ்சையைத் தடுக்கிறேன் பேர்வழி என்று மரம் தன் தண்ணீர்க் குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு தாகத்தில் சாகும். திருடனுக்குப் பயந்து வாசலைச் சுவர் வைத்து அடைத்த கதை! 1920-களின் தொடக்கத்தில் அந்தப் பூஞ்சையைக் கண்டுபிடித்தவர் பியா ஷ்வார்ஸ் என்ற டச்சுப் பெண்மணி. கண்டுபிடித்த பாவத்துக்கு, நோய்க்கே 'டச்சு எல்ம் நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நோய் தாங்கும் மரம் வேண்டுமே? வாகனிங்கனில் விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் பேசினார்கள். உள்ளூர் வரன்கள் போதவில்லை. இமயமலை எல்மைச் சேர்த்தார்கள். அந்த வழியில் 1973-ல் 'பிளான்டின்' என்ற ரகம் வெளியானது. அதன் வாரிசுதான் 1989-ல் வெளியான கொலுமெல்லா. நோயை நன்றாகவே தாங்குகிறது.

அதாவது, எனக்கு முன்னால் நின்றது நம்ம ஊர்க் கொள்ளுப்பேரன்! உடனே மரத்தைத் தட்டிக்கொடுத்தேன். சைக்கிளில் போன ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார்.

தம்பிதான் அடுத்த குண்டைப் போட்டான். இமயமலையில் மாட்டுத் தீவனத்துக்காகக் கிளைகளை வெட்டி வெட்டி, அந்தக் கொள்ளுத்தாத்தா இனமே அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டதாம்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கடன் வாங்கினவன் தெருத்தெருவாகச் செழிக்கிறான்; கொடுத்தவன் வீட்டில் முதலே கரைகிறது. மாட்டுக்காரரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பனிக்காலத்துக்குள் அவர் மாடு சாப்பிட வேண்டுமே!

சட்டையில் ஒட்டியிருந்த விதையைப் பர்ஸில் வைக்கப் போனேன். "ஏர்போர்ட்ல பிடிப்பாங்கண்ணே" என்றான் தம்பி.

கால்வாயிலேயே ஊதிவிட்டேன்.